கரணி: கூட்ட முடியாத மூலங்களின் வரலாறு

நம் மாணவர்கள் 'சர்ட்' என்னும் சொல்லை நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் சந்திக்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் கற்ற எச்சொல்லோடும் அதற்கு உறவு தெரியாமையால் அது வெற்றொலியாகவே மனத்தில் தங்கிவிடுகிறது. பின்னமாக எழுதவியலாத மூலத்தை அரபுக் கணிதர் 'அசம்ம்', அஃதாவது செவிடு, என்றனர். இலத்தீனில் அதை மொழிபெயர்த்தோர் 'சுர்தூஸ்' என்றனர். 'சர்ட்' அதன் வழிவந்த சொல்லாகும்.

இந்திய மரபில் இதற்கு வழங்கிய பெயர் 'கரணி'. ஆக்குவது என்பது அதன் பொருள். வேள்விமேடை அளக்கும் சுல்ப நூல்களில் அது சதுரத்தை ஆக்கும் பக்கத்தைக் குறித்தது. ஓரலகுச் சதுரத்தின் மூலைவிட்டம் இருமடங்குப் பரப்புள்ள சதுரத்தை ஆக்குவதால் 'துவிகரணி' எனப்பட்டது. போதாயனர் தந்த முறைப்படி அதன் மதிப்பு 577/408 ஆகும். 577இன் வர்க்கம் 332929. 408இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928. வேறுபாடு ஒன்றே.

கி.பி. 1150இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், அதன் பீஜகணிதப் பகுதியில் கரணிகளைக் கூட்டும் விதியை வகுத்தார். √2, √8 ஆகியவற்றைக் கூட்ட, 2+8=10; பெருக்கற்பலன் 16, அதன் மூலம் 4, இருமடங்கு 8; ஆகவே விடை √18. பெருக்கற்பலன் முழு வர்க்கமாகாவிடில் அவை தனித்தனியே நிற்கும் என்பதற்கு 3, 7 ஆகிய கரணிகளைக் காட்டினார்.

விதி வேறு, நிறுவல் வேறு. √3+√7 ஒரு விகிதமுறு எண் 'அ' எனக் கொள்வோம். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் அ² = 10+2√21. எனவே √21 = (அ²−10)/2; இதுவும் விகிதமுறு எண்ணாதல் வேண்டும். அதனைப் ப/க என எழுதினால் (ப, க முழு எண்கள்) ப² = 21க². இருபுறமும் 3 என்னும் காரணி எத்தனை முறை வருகிறது என எண்ணுக. இடப்புறம் இரட்டைப்படை, வலப்புறம் ஒற்றைப்படை. இது முரண். ஆகவே √3+√7 விகிதமுறா எண்ணே.

பாஸ்கரர் விதியில் வரும் பெருக்கற்பலனே இந்நிறுவலின் உயிர்நிலை. எனினும், இவ்வாறு முரண் காட்டி நிறுவும் நெறி கிரேக்க மரபில் வளர்ந்தது; விகிதமுறாக் கோடுகளை யூக்ளிடின் பத்தாம் நூல் விரிவாக ஆராய்கிறது. விதியைக் கண்டோர்க்கே நிறுவலும் உரியதெனப் பெருமை பேசுதல் ஆய்வன்று. ஆசிரியர் கரணியின் பொருளையும் கூறி, நிறுவலையும் கரும்பலகையில் செய்துகாட்டுவாராயின், மாணவர் 'சர்ட்' என்பதை மனனம் செய்ய வேண்டியதில்லை. அது ஏன் கூடாது என்பதையும் உணர்வர்.