1947 வாக்குச்சீட்டும் பதினான்கு புள்ளியும்: பேஸ்பால் எழுத்தாளர்களின் சார்பு குறித்து ஒரு மறுகணக்கு

அமெரிக்கன் லீக்கின் 1947ஆம் ஆண்டு மதிப்புமிகு வீரர் விருதை யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோவிடம் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் ஒரே புள்ளியில் இழந்தார். அதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. முதலாவது பகை: பாஸ்டன் எழுத்தாளர் ஒருவர் வில்லியம்ஸின் பெயரைத் தம் சீட்டில் எழுதவே இல்லை. இரண்டாவது அறியாமை: அக்காலச் செய்தியாளர்களிடம் ஆட்டக்காரரை எடைபோடத் தக்க புள்ளிவிவரம் இல்லை. இரண்டுமே சான்றுக்குப் பொருந்தவில்லை என்பது என் துணிபு. சீட்டுகளை எண்ணிய முறையையும், அணியின் வெற்றியைத் தனிமனிதக் கணக்கில் வரவுவைத்த வழக்கத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

பகைக் கதையின் முதன்மைச் சான்று வில்லியம்ஸே. ஜான் அண்டர்வுட்டோடு சேர்ந்து 1969இல் அவர் வெளியிட்ட தன்வரலாறு, பாஸ்டன் குளோப் ஏட்டின் மெல் வெப்பைச் சுட்டுகிறது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 22 ஆண்டுகள். அந்த ஆண்டு வாக்களித்த பாஸ்டன்காரர்களில் வெப் இல்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியும் கதை ஓயவில்லை. பழி மத்திய மேற்கிலிருந்த வேறொருவர் தலைக்குப் போனது. குற்றவாளி மாறினார், குற்றப்பத்திரிகை அப்படியே இருக்கிறது. பத்தாம் இடமாவது கொடுத்திருந்தால் வில்லியம்ஸ் வென்றிருப்பார் என்று பலர் எழுதுகிறார்கள். பத்தாம் இடத்துக்கு ஒரு புள்ளிதான். 202க்கு 202 என்று சமனாகியிருக்கும். வெல்வதற்கு ஒன்பதாம் இடம் வேண்டும். இந்தச் சிறு கூட்டலைக்கூடச் சரிபாராமல் ஒரு கதை இத்தனை காலம் ஓடியிருக்கிறது என்பதே அதன் தரத்தைச் சொல்லும்.

சீட்டுகளுக்கு வருவோம். எட்டு நகரங்கள், நகரத்துக்கு மூவர், மொத்தம் 24 வாக்காளர்கள். 1938 முதல் முதலிடத்துக்கு 14 புள்ளி. இரண்டாம் இடத்துக்கு 9, மூன்றாம் இடத்துக்கு 8, இப்படியே பத்தாம் இடத்துக்கு 1. டிமாஜியோவுக்கு எட்டு முதலிடம், மொத்தம் 202. வில்லியம்ஸுக்கு மூன்று முதலிடம், மொத்தம் 201.

முதலிடங்களைக் கழித்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. டிமாஜியோவின் எட்டு முதலிடங்கள் 112 புள்ளி. மீதமுள்ள 16 சீட்டுகளிலிருந்து அவருக்குக் கிடைத்தது வெறும் 90, சீட்டுக்கு 5.6, அதாவது ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவே. வில்லியம்ஸின் மூன்று முதலிடங்கள் 42 புள்ளி. மீதமுள்ள 21 சீட்டுகள் அவருக்கு 159 தந்தன, சீட்டுக்கு 7.6, மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே. பெயர் விடுபட்ட அந்தச் சீட்டையும் பூஜ்யமாகச் சேர்த்த கணக்கு இது. செய்தியாளர் கூட்டமே வில்லியம்ஸை வெறுத்தது என்றால், அந்த வெறுப்பு சீட்டுகளில் எங்கே? தமக்கு முதலிடம் தராதவர்களிடம் டிமாஜியோதான் கூடுதலாக அடிவாங்கியிருக்கிறார்.

1938க்கு முந்தைய வழக்கப்படி முதலிடத்துக்கு 10 புள்ளி மட்டும் கொடுத்து எண்ணினால் டிமாஜியோவுக்கு 170, வில்லியம்ஸுக்கு 189. விடுபட்ட பெயர் விடுபட்டபடியே இருக்க, வில்லியம்ஸ் 19 புள்ளியில் வெல்கிறார். பத்துப் புள்ளி முறைதான் சரி என்று நான் வாதிடவில்லை. 14, 10 இரண்டுமே யாரோ உட்கார்ந்து தீர்மானித்த எண்கள்தான். அளவுகோலை இவ்வளவு மாற்றினாலே முடிவு புரளுமென்றால், ஒரு புள்ளி வித்தியாசத்திலிருந்து ஒரு மனிதரின் வன்மத்தை வருவிப்பது தகாது என்றே சொல்கிறேன். விதி வேறாயிருந்தால் அவர்கள் வேறு விதமாக வரிசைப்படுத்தியிருப்பார்கள் என்ற மறுப்பு எழலாம். 24 பேரும் புள்ளி அட்டவணையை வைத்துச் சூது ஆடினார்கள் என்று நம்புகிறவர்களுக்கே அது பயன்படும்.

ஆனாலும் சார்பு இருந்தது. அது வேறிடத்தில் இருந்தது. டிமாஜியோவுக்கு எட்டு, நிவாரணப் பந்துவீச்சாளர் ஜோ பேஜுக்கு ஏழு, ஜார்ஜ் மெக்வின்னுக்கு மூன்று. 24 முதலிடங்களில் 18 யாங்கீஸ் ஆட்டக்காரர்களுக்கே போயிருக்கின்றன. அந்த ஆண்டு யாங்கீஸ் 97 ஆட்டம் வென்று லீக் பட்டம் பெற்றது. ரெட் சாக்ஸ் 83 வெற்றியோடு மூன்றாவதாக வந்தது. லீக்கில் சிறந்தவர் யார் என்று கேட்டால், வென்ற அணியில் சிறந்தவர் யார் என்று பதினெட்டுப் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். டிமாஜியோ நடுக்களத்தில் ஆண்டு முழுதும் ஒரே ஒரு தவறுதான் செய்தார், அதற்கான மதிப்பு இது என்பார்கள். பேஜின் ஏழு வாக்குகளை எந்த நடுக்களத் திறமையும் விளக்காது. (.206 சராசரியோடு லீக்கிலேயே அதிகமாக 110 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன எடி ஜூஸ்டை இருவர் முதலிடத்தில் வைத்தார்கள். அதை விளக்க எனக்கும் வழி தெரியவில்லை.)

அறியாமை வாதத்துக்கு அதிக இடம் வேண்டியதில்லை. வில்லியம்ஸ் பந்தடிக்காமலே 162 முறை ‘வாக்’ (walk) பெற்றதையும் .499 என்ற ஆன்-பேஸ் விகிதத்தையும் யாரும் பொருட்படுத்தவில்லை, அந்த விகிதம் 1984இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது என்பதெல்லாம் உண்மை. ஆனால் பத்திரிகைகள் நாள்தோறும் அச்சிட்ட மூன்று எண்கள் என்ன சொல்லின? வில்லியம்ஸ் .343 சராசரி, 32 ஹோம் ரன், 114 ஆர்.பி.ஐ.; டிமாஜியோ .315, 20, 97. மூன்றிலும் லீக்கிலேயே முதலாவதாக வந்து ட்ரிப்பிள் கிரௌன் பெற்றவர் வில்லியம்ஸ். எழுத்தாளர்கள் தாங்கள் போற்றிய எண்களையே கைவிட்டார்கள். தெரியாத எண்களைக் காரணம் காட்டுவது வீண்.

அணியின் முடிவைத் தனிமனிதர் கணக்கில் எழுதும் பழக்கத்தின் இன்னொரு முகம் பாஸ்டன் பத்திகளில் நெடுநாள் ஓடிய ‘பத்து முக்கிய ஆட்டங்கள்’ குற்றச்சாட்டு: 1946 உலகத் தொடரின் ஏழு, 1948இல் கிளீவ்லாந்தோடு ஆடிய ஒன்று, 1949இன் கடைசி இரண்டு. இவற்றில் தடுமாறியதால் வில்லியம்ஸ் நெருக்கடிக்கு உதவாதவர் என்றார்கள். உலகத் தொடரில் அவர் 25க்கு 5, அதாவது .200. வாழ்நாள் சராசரி .344 கொண்ட ஒருவருக்கு 25 வாய்ப்புகளில் ஐந்தோ அதற்குக் குறைவோ வருவது ஏறக்குறைய பத்தில் ஒருமுறை, வெறும் தற்செயலாகவே நிகழும். தொடருக்கு முன்பு ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கையில் அடிபட்டிருந்ததை இக்கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஏழெட்டாயிரம் வாய்ப்புகள் சொல்வதை ஒதுக்கிவிட்டு, இருபத்தைந்தைக் கொண்டு ஒருவரின் குணத்தை எழுதினார்கள்.

1947ஐ விதிவிலக்கு என்பவர்கள் 1942ஐயும் பார்க்க வேண்டும். அப்போதும் வில்லியம்ஸ் ட்ரிப்பிள் கிரௌன் பெற்றார். விருது யாங்கீஸின் ஜோ கோர்டனுக்குப் போனது. கோர்டன் அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகமாக 95 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர். தரையில் அடித்து 22 முறை இரட்டை அவுட்டுக்கு (டபுள் பிளே) வழிவிட்டதிலும், இரண்டாம் தளத்தவர்களில் 28 தவறுகள் செய்ததிலும் அவரே முதல். யாங்கீஸுக்கு 103 வெற்றி, ரெட் சாக்ஸுக்கு 93. வாக்கு 270க்கு 249. இந்த 21 புள்ளி இடைவெளியை விடுபட்ட பெயர் ஒன்றால் விளக்க வழியே இல்லை. ஒரு சீட்டு தரக்கூடிய உச்சமே 14தான்.