குடவோலையும் உறவுமுறையும்

'சிவன் சொத்து குலநாசம்' என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கோயிற் பொருளைக் கவர்ந்தவன் மட்டுமன்றி அவன் வழிவந்தோரும் கெடுவர் என்பது அதன் கருத்து. அறக்கொடைகளைக் கூறும் கல்வெட்டுகளிலும், அந்த அறத்திற்குக் கேடு சூழ்வோர் இன்ன பாவத்தை எய்துவர் என்னும் சாபமொழியை இறுதியில் காணலாம். அச்சமும் ஒரு காவலே. ஆயினும் பண்டைத் தமிழர் அக்காவல் ஒன்றையே நம்பியிருந்தனர் என்று கருதுவது பொருந்தாது. தெய்வத்திற்கு அஞ்சாத திருடன் எங்கோ ஒருவன்தான் இருப்பான். தெய்வத்திற்கு அஞ்சியும் தம்பிக்கும் மைத்துனனுக்கும் மறுக்கமாட்டாத நல்லவரோ ஊர்தோறும் பலர் உளர். பொதுப்பொருளுக்கு இவ்விரு வகையினராலும் இடர் உண்டு. இவ்வுண்மையை உணர்ந்து விதி வகுத்தோர் உத்தரமேரூர்ச் சபையார்.

இரு கல்வெட்டுகள்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்தரமேரூர், சோழர் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என வழங்கப்பெற்றது. இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் எனப்படும் மண்டபத்தின் சுவரில், முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரின் வேலைகளைக் கவனித்த வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன.

ஏரியைப் பேணுதல், தோட்டங்களைப் பார்த்தல், பொன்னின் மாற்று அறிதல் ஆகியன வாரியங்களின் பணிகள். இவற்றோடு, கோயில் அறக்கட்டளைகளைக் காப்பதும் அக்காலச் சபைகளின் கடமையாக இருந்தது. நந்தாவிளக்கு எரிப்பதற்குப் பொன் வழங்கியோர் பலர் அதனைச் சபையாரிடமே ஒப்படைத்தனர். அதன் வட்டிக்கு ஈடாக எண்ணெய் அளந்துவரச் சபையார் உடன்பட்டனர். ஆகவே, சபையில் யார் அமர்வது என்னும் வினா, கோயிலில் விளக்கு அணையாதிருக்குமா என்னும் வினாவும் ஆகும்.

குடத்தில் ஓலையிட்டு ஆள் தேரும் வழக்கம் சோழர் காலத்திற்கு முன்னரே தமிழகத்தில் இருந்தது. கயிற்றாற் பிணித்த குடத்தின் இலச்சினையை நீக்கி ஆவணமாக்கள் ஓலையை வெளியே எடுக்கும் செயல், அகநானூற்று 77-ஆம் பாட்டில் உவமையாக வந்துள்ளது. உத்தரமேரூரார் செய்த புதுமை, அப்பழைய வழக்கத்திற்கு நுணுக்கமான தகுதி விதிகளைச் சேர்த்ததேயாகும்.

தேர்தல் நடந்த வகை

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பின் பெயர் விளங்கக் கட்டி, குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் அடங்கிய மகாசபை கூடிற்று. ஊரிலிருந்த கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் வந்திருத்தல் வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுப்பான். அது வேறொரு குடத்திலிட்டுக் குலைக்கப்பட்டபின் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிக்க வேண்டும். பின்னர் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிப்பர்.

விரலை மடக்கினால் வேறு ஓலையை மறைத்து வைக்கலாம். ஒருவரே வாசித்தால் பெயரை மாற்றிச் சொல்லலாம். இவ்விரண்டிற்கும் விதி இடங்கொடுக்கவில்லை. மத்தியஸ்தன் நேர்மையற்றவன் என்பது இதன் பொருளன்று. அவனுடைய நேர்மையை எவரும் ஐயுறாதவாறு செய்வதே நோக்கம்.

இங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வற்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாட்களே. இடையில் குற்றம் செய்தவர் உடனே நீக்கப்படுவர்.

இரண்டே ஆண்டுகளில் திருத்தம்

இரு கல்வெட்டுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் ஓர் அரிய செய்தி புலனாகும். 919-ஆம் ஆண்டு விதி, முன் மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவரையும், வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களின் நெருங்கிய உறவினரையும் விலக்கிற்று. 'நெருங்கிய உறவினர்' யாவர் என்பதை அது வரையறுக்கவில்லை. வயது 30 முதல் 60 வரை என்றது.

921-ஆம் ஆண்டில் அவ்விதி மாற்றி எழுதப்பெற்றது. வயது 35 முதல் 70 வரை என்றாயிற்று. மூன்றாண்டு இடைவெளி நிலைபெற்றது. உறவினர் பற்றிய விலக்கோ புதிய வடிவம் பெற்றது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருடைய பெயர் குடவோலையில் எழுதப்படலாகாது. அவருடைய உறவினர் பெயரும் எழுதப்படலாகாது. அவ்வுறவினர் யாவர் என்பதும் ஒவ்வொரு முறையாக எண்ணிச் சொல்லப்பட்டுள்ளது. சிற்றன்னை, பேரன்னை ஆகியோரின் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், தன்னுடன் பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியின் உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், மருமகன், தந்தை, மகன் என்று அப்பட்டியல் செல்கின்றது.

இம்மாற்றத்திற்குரிய காரணத்தை ஒருவாறு உய்த்துணரலாம். உறவுப் பின்னல் மிகுந்த சிற்றூரில் 'நெருங்கிய உறவு' என்னும் தொடர் வழக்கையே வளர்க்கும். வேண்டாதவன் ஒன்றுவிட்ட உறவாயினும் நெருங்கியவன் எனப்படுவான். வேண்டியவன் உடன்பிறந்தானாயினும் பாகம் பிரிந்தவன் எனப்படுவான். பட்டியல் வந்தபின் வாதத்திற்கு இடமில்லை. மேலும், நேர்மையாகக் கணக்குக் காட்டியவனுடைய மகனைத் தண்டிப்பது முறையாகாது. கணக்குக் காட்டாதவன் தன் மருமகனைப் பதவியில் அமர்த்திப் பழைய கணக்கைப் புதைத்துவிடுவதே அஞ்சத்தக்கது. அவ்வழியை 921-ஆம் ஆண்டு விதி அடைத்தது.

கணக்கு எழுதுவோனுக்கும் தனி விதி உண்டு. அவன் தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, தூயவன் எனப் பெயர் பெற்ற பின்னரே மறுமுறை அப்பணிக்கு வரலாம். அவன் எழுதிய கணக்கை அவனே ஒப்புவிக்க வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து முடித்துக் கொடுத்தல் கூடாது.

குறைகளும் உள

இக்கல்வெட்டுகளைக் கொண்டு, உலகின் முதற் குடியரசு உத்தரமேரூரே எனப் புகழ்வாரும் உளர். அது மிகையே. குடவோலையில் பெயர் ஏறுவதற்கு இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். மிகுந்த கல்வியுடையார்க்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை இருந்தது. அந்தணர் ஊரின் நிலக்கிழார்க்கே அவ்வுரிமை; பெண்டிர்க்கும் உழுதொழில் செய்தோர்க்கும் அதில் இடமில்லை.

மற்றொரு குறையும் உண்டு. யார் பதவிக்கு வரலாம் என்பதை அவ்விதிகள் நுணுகி ஆராய்கின்றன. வந்தபின், தனக்கு ஆதாயமுள்ள ஒரு பொருள் முடிவுக்கு வரும்போது உறுப்பினன் விலகி நிற்க வேண்டும் என்னும் விதி அவற்றில் இல்லை. ஏரி நீரைப் பங்கிடுவோரின் வயலும் அதே ஏரி நீரை உண்டதே! குறுகிய பதவிக்காலமே அதற்கு ஒருவாறு தடையாயிற்று.

பிற்காலச் சட்டங்கள்

அக்குறையை நிரப்ப முற்பட்ட பிற்காலச் சட்டம், உத்தரமேரூரார் அறிந்திருந்த ஒன்றை மறந்தது. 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டத்தால் ஆங்கில அரசு கோயில் மேற்பார்வையினின்று விலகி, அப்பொறுப்பைக் குழுக்களிடம் விட்டது. குழுவின் உறுப்பினர் தம் மேற்பார்வைக்குட்பட்ட கோயிலுக்கே தருமகர்த்தாவாக இருத்தல் கூடாது என அச்சட்டம் விதித்தது. கண்காணிப்பவனும் கண்காணிக்கப்படுபவனும் ஒருவனாதல் தகாது என்னும் சிறந்த கொள்கை அது. ஆனால் அதே சட்டம் குழு உறுப்பினர்க்கு வாழ்நாள் முழுவதும் பதவி அளித்தது. தகுதியின்மையோ முறைகேடோ காட்டி நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே அவரை நீக்கலாம். 360 நாளில் தானே முடிந்த பதவிக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. பின்னர்ச் சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டுகளில் புதிய அறநிலையச் சட்டம் எழுந்தது.

கடல் கடந்த தமிழர்க்கும் இச்சிக்கல் புதிதன்று. சிங்கப்பூரில் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில், 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த முகமதிய, இந்து அறக்கட்டளை வாரியத்தின் நிருவாகத்திற்கு 1907-இல் வந்தது. பின்னர் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்து அறக்கட்டளை வாரியம் தனியே அமைந்தது. பினாங்கிலும் 1906 முதல் இந்து அறக்கட்டளை வாரியம் இருந்துவருகின்றது.

எனினும், வாரியங்களின் கீழ் வராத சிறு ஆலயங்களும் அறச்சங்கங்களும் எண்ணிறந்தன. அவற்றில் தலைவரின் மைத்துனர் பொருளாளராவதும், செயலாளரின் கடையிலேயே விழாச் சாமான் வாங்குவதும் கெட்ட எண்ணத்தினால் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆள் கிடையாமையாலும் நிகழலாம். குறைந்த விலைக்கே கொடுத்திருப்பினும் ஊரார் வாய் மூடாது. அந்நிலையில் நல்லவரைக் காப்பதும் விதியே. உறவையும் ஆதாயத்தையும் முன்கூட்டிச் சொல்லிவிடுதல், அப்பொருள் பேசப்படும்போது எழுந்து வெளியே செல்லுதல், காலம் முடிந்ததும் இடம் விடுதல், தன் கணக்கைத் தானே காட்டுதல் ஆகிய நான்கும் எச்சிறிய சங்கத்திற்கும் இயல்வனவே. இவற்றுள் பின்னிரண்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதப்பட்டுவிட்டன. விரித்த ஐந்து விரல்களால் ஓலையை ஏற்ற மத்தியஸ்தன், ஊரார் முன் தன் கை வெறுங்கை எனக் காட்டியதை இழிவாகக் கருதியிருக்க வேண்டியதில்லை; அவனுக்கு அதுவே அரண்.