பின்னால் வருகிறவனுக்கு ஒரு விளக்கு

திருமழபாடிக்கு நான் போனது கல்வெட்டுப் பார்க்க. போன வாகனமோ என் நண்பரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேருக்கு மேல் இடம் கொடாத, தரையோடு தரையாகத் தவழும் சின்னஞ்சிறு வண்டி. அதில் உட்கார்ந்தால் சாலையோரத்து ஆடுகூட நம்மைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

அன்று ஆடுகளே எங்களைச் சோதித்தன. திருவையாறு கடந்து, கொள்ளிடப் பாலம் தாண்டி, திருமானூரில் மேற்கே திரும்பினோம். அந்தி மங்கும் நேரம். ஒரு மந்தை சாலைக்குக் குறுக்கே வந்தது. நண்பர் பிரேக்கை மிதித்தார்; வண்டி நின்றது. பின்னால் "கிறீச்" என்று ஓர் ஓலம். திரும்பினால், ஒரு லாரியின் முகப்பு எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. இடைவெளி ஒரு முழம் இருந்தால் அதிகம்!

லாரிக்காரர் இறங்கி வந்தார். நண்பர், "பின்னால் சிவப்பு விளக்கு எரிந்ததே, பார்க்கவில்லையா?" என்றார்.

"எரிஞ்சிருக்கும்ங்கய்யா. என் பானெட்டுக்குக் கீழே எரிஞ்சா நான் எப்படிங்க பாக்கறது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நாங்கள் இருவரும் மௌனமானோம்.

பின்னால் வருகிறவனுக்கு விளக்குக் காட்டுவது புதிய விஷயமல்ல. இரவுப் பயணத்தில் மாட்டு வண்டியின் அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கு ஊசலாடிக்கொண்டு வந்ததை நம் பாட்டன்மார் அறிவார்கள். ஆனால் அந்த விளக்கு, "இதோ போகிறேன்" என்று மட்டுமே சொல்லும். "இதோ நிற்கப் போகிறேன்" என்று சொல்ல வேகம் மிகுந்த மோட்டார் வர வேண்டியிருந்தது. முதலில் ஓட்டுகிறவர் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார். பிறகு மிதிகட்டையோடு இணைந்த விளக்கு வந்தது. 1928-ல் அமெரிக்காவின் 11 மாநிலங்கள் அதைச் சட்டமாக்கியிருந்தன.

1974-ல் ஜான் வோவோட்ஸ்கி என்ற மனவியல் அறிஞர் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 343 வாடகைக் கார்களின் பின்புறத்தில் கூடுதலாக ஒரு விளக்கைப் பொருத்திப் பார்த்தார். பத்து மாதங்களில், விளக்கு இல்லாத வண்டிகளைவிட இவை பின்னாலிருந்து மோதப்பட்டது ஏறக்குறைய 60 சதவிகிதம் குறைந்திருந்தது. 1986-ம் வருஷ மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கு மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாயிற்று. எல்லா வண்டிகளிலும் அது வந்தபின் புதுமை போயிற்று, கண்கள் பழகிவிட்டன. 1998-ல் வெளியான அரசாங்க ஆய்வு, நிலைத்து நின்ற பலன் 4.3 சதவிகிதமே என்றது. அறுபது எங்கே, நான்கு எங்கே! ஆயினும் நூற்றுக்கு நான்கு பேர் என்று எண்ணிப் பாருங்கள். விளக்கின் விலை அற்பம்.

ஊர் திரும்பியதும் நண்பர் மெக்கானிக்கைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். பழைய வண்டிகளின் பின் விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: எப்போதும் எரிவது 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். சிவப்பிலிருந்து அதிகச் சிவப்பைப் பிரித்தறிய வேண்டும். அந்தியில் அது எளிதன்று. பிரேக் போட்டால் மட்டும் எரியும் தனி விளக்குக்கு இந்தக் குழப்பமில்லை. மேலும் இரண்டு 21 வாட் பல்புகளை மாட்டினால், 12 வோல்ட் வண்டியில் மூன்றரை ஆம்பியர் கூடுதல் பளு. பழைய கம்பியும் ஃபியூஸும் தாங்க வேண்டும். ஆகவே எல்.இ.டி. விளக்குகளை மெக்கானிக் சிபாரிசு செய்தார். அவை தின்னும் மின்சாரம் சொற்பம். அதோடு இழை சூடேறி ஒளிரும்வரை காத்திராமல், சுமார் 0.2 விநாடி முந்தி எரிகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் ஒரு லாரி 3.3 மீட்டர் ஓடிவிடும். எங்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரு முழம்!

சாமான் வைக்கும் சட்டத்தின் இரு கோடியிலும், கூடியவரை உயரத்தில், இரண்டு சிவப்பு விளக்குகள் ஏறின.

பங்குனியில் நந்தி கல்யாணத்துக்காக மறுபடி திருமழபாடி போனோம். வழியில் கூட்டத்துக்காகப் பலமுறை நின்றோம். பின்னால் வந்த வண்டிகளும் எட்டவே நின்றன. வைத்தியநாத சுவாமி கோயில் சுவர் எழுத்துகளை இம்முறை நிம்மதியாகப் பார்த்தேன். இந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ராஜராஜ சோழன் தன் 28-ம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், உத்தரவிட்டான். பழைய சுவரை இடிக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்தார்கள். 1014-ல் ராஜராஜன் மறைந்தான். மகன் ராஜேந்திரனின் 14-ம் ஆண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.

சுவரை இடித்தவர்கள் பின்னால் வருகிறவர்களை மறக்கவில்லை. லாரிக்காரரைச் சந்தித்திராவிட்டால் அந்த அக்கறையின் அருமை எனக்குத் தெரிந்திருக்குமோ, என்னவோ!