லென்ஸுக்கு வந்த கிட்டப்பார்வை: ஒரு குட்டி வரலாறு

1/ கிட்டப்பார்வைன்னா என்ன டாக்டர்னு கேக்கிறவங்களுக்கு நான் சொல்றது: கண்ணு கொஞ்சம் நீளமாயிடுச்சு. விழித்திரை தள்ளிப் போனதால பக்கத்துல தெளிவு, தூரத்துல மங்கல். 1987-ல இதே வியாதி கேமரா லென்ஸுக்கும் வந்தது.

2/ கேனானின் எஃப்டி மவுண்ட் 1971-ல் வந்தது. மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 42 மி.மீ. ஆட்டோஃபோகஸுக்காக 1987-ல் வந்த இஎஃப் மவுண்டில் அது 44 மி.மீ. பழைய லென்ஸைப் புது பாடியில் எப்படி மாட்டினாலும் ஃபிலிம் குறைந்தது 2 மி.மீ. தள்ளியே இருக்கும். நிலா, மைதானம், பறவை எல்லாம் மங்கல். பெரிய டெலி லென்ஸுக்குக் காசைக் கொட்டினவங்க கொதிச்சுப் போனாங்க.

3/ வைத்தியம்? கண்ணுக்குச் செய்யறதேதான், மைனஸ் பவர். கேனானே 1.26 மடங்கு பெருக்கும் கன்வெர்ட்டர் கொண்டு வந்தது. அடாப்டரே ஒரு டெலிகன்வெர்ட்டர்! ஆனா முக்கால்வாசி ஸ்டாப் கிட்ட வெளிச்சம் போகும். முன்பக்கம் துருத்தறதால சில டெலி லென்ஸ்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

4/ 2018-ல் மிரர்லெஸ் ஆர்எஃப் மவுண்ட். தூரம் 20 மி.மீ.தான். மீதி 22 மி.மீ.க்கு வெறும் உலோக வளையம் போதும். வியாதி போச்சு.

5/ இப்ப அடுத்த ஆசை: வளையத்துக்கும் பாடிக்கும் நடுவுல ஆர்எஃப் எக்ஸ்டெண்டர். அதுவும் துருத்தும், வளையத்தின் உள்விளிம்பு இடிச்சா, லேத்தில் கடைஞ்சு அகலப்படுத்தறாங்க. உள்ளே மட்டும்தான். 22 மி.மீ.யில் கை வைக்கக் கூடாது. துகளைத் துடைச்சு, கறுப்புப் பூசி மாட்டணும்.

6/ அந்த லென்ஸ் என்னைக்குமே பழுதாகல. பாடிதான் மாறிச்சு.