கிளிக் பிறந்த கதை

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பட்டியலிட, பைத்தானில் ஒரு சின்ன டெர்மினல் புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரும் தேதிக்கு ‘--வரவு’ என்று ஓர் ஆப்ஷன். கட்டளை வரியில் அடிப்பதைப் படித்துப் பிரிக்க பைத்தானோடு கூடவே கிடைக்கும் நூலகமான ஆர்க்பார்ஸ், ‘--வர’ என்று பாதி அடித்தாலே மீதியைப் புரிந்துகொள்ளும். வசதிதான். பிறகு ‘--வரிசை’ என்று இன்னோர் ஆப்ஷனைச் சேர்த்தோமானால் வந்தது வினை: பாதிச் சொல்லை நம்பி எழுதிய ஸ்கிரிப்டெல்லாம் பிழை காட்டி நின்றுவிடும்.

ஆர்க்பார்ஸுக்கு முன்னோர் உண்டு. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸில் பிறந்த கெட்டாப்ட் 1985இல் பொதுவுடைமையானது. 2003இல் கிரெக் வார்டின் ஆப்ட்பார்ஸ் பைத்தானுக்குள் வந்தது. 2010இல் ஸ்டீவன் பெத்தார்டின் ஆர்க்பார்ஸ் அதை ஓரங்கட்டியது.

ஆஸ்திரியாக்காரர் ஆர்மின் ரோனாக்கருக்கு ஆர்க்பார்ஸும் போதவில்லை. அவர் உருவாக்கிய ஃபிளாஸ்க் என்ற வலைச்செயலிக் கட்டமைப்புக்குப் பலர் தனித்தனியே நீட்சிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரின் கட்டளையும் ஒரே தாய்க் கட்டளையின் கீழ் ஒட்ட வேண்டும். உள்கட்டளைக்கு என்னென்ன ஆப்ஷன் உண்டு என்று மேல்கட்டளைக்குத் தெரியாத இடத்திலும், ஆர்க்பார்ஸ் ‘இது ஆப்ஷனா, ஆர்க்யூமென்டா?’ என்று தானே ஊகிக்கும். ஊகம் பிசகினால் உள்கட்டளைக்குப் போகவேண்டியது வழியிலேயே தங்கிவிடும். முத்துக்குளிப்பில் மேலே கயிறு பிடித்திருப்பவர், கடலுக்குள் இருப்பவர் இழுக்கும் முன்பே ஊகித்துத் தூக்கினால் எப்படியிருக்கும்?

அந்தத் தொல்லையைத் தீர்க்க 2014இல் பிறந்தது கிளிக் என்ற நூலகம். ஒரு ஃபங்ஷனின் தலையில் டெக்கரேட்டரை வைத்தால் அது கட்டளையாகிவிடும். கட்டளைகளைக் குழுவாக்கலாம், குழுவுக்குள் குழு வைக்கலாம். ‘--வர’ என்று அடித்தால் அதுவாக முடிவெடுக்காது. அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை என்று சொல்லி நிறுத்திவிடும். இதில் ஒரு வேடிக்கை: கிளிக்கின் உள்ளே வேலை பார்க்கும் பார்சர், ஓரங்கட்டப்பட்ட அந்தப் பழைய ஆப்ட்பார்ஸிலிருந்து எடுத்து மாற்றியமைத்தது! இதே வேலைக்காக 2019இல் வந்த டைப்பர் என்ற நூலகமும் கிளிக்கின் தோள்மேல் ஏறித்தான் வந்தது.

நம் கப்பல் பட்டியல் ஒற்றைக் கோப்பாகவே இருக்கும், எதையும் தனியாக இன்ஸ்டால் செய்ய முடியாது என்றால் ஆர்க்பார்ஸே போதும். பாதிச் சொல்லை ஏற்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். வரவுக்கு ஒருவர், சரக்குக்கு ஒருவர், கட்டணத்துக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு கட்டளை எழுதப்போகிறீர்கள் என்றால், கிளிக் பிறந்ததே உங்களுக்காகத்தான்.