திருநங்கை

பெயர்ச்சொல். திரு + நங்கை. ‘திரு’ மதிப்பைக் குறிக்கும் அடை. ‘நங்கை’ என்றால் பெண்களுள் சிறந்தவள். ஆண்பாலில் இதன் இணைச்சொல் ‘நம்பி’.

பிறப்பில் ஆணென்று குறிக்கப்பட்டு, பெண்ணாகத் தம்மை உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுவான சொல் திருநர்.

பழைய இலக்கியத்தில் திருநங்கையரைக் குறித்த சொல் பேடி. கூவாகத்தில் அரவானைக் கூத்தாண்டவராக வணங்கும் வழிபாட்டை ஒட்டி, அவன் மனைவியர் என்ற பொருளில் ‘அரவாணி’ வந்தது. அது கூவாகத்துக்குப் பொருந்தும்; ஊரெங்கும் உள்ளவர்களுக்கு ஒரு புராணக் கணவனைச் சுமத்துவானேன்? தெருவில் புழங்கிய ‘அலி’, ‘ஒன்பது’ இரண்டும் வசவுகள். 2008இல் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்த காலத்தையொட்டித் ‘திருநங்கை’ ஆட்சிமொழியிலும் நாளிதழ்களிலும் வேரூன்றியது.

பெயரை மாற்றினால் பிழைப்பு மாறிவிடுமா என்று கேட்பார்கள். மாறாதுதான். ஆனால் வசவையே பெயராகக் கொண்டவருக்கு வாடகை வீடோ வேலையோ கேட்கும் வாய்ப்பு முதல் சொல்லிலேயே அடைபட்டுவிடும். பேச்சின் திணையும் அப்படித்தான். தொல்காப்பியம் திருநங்கையரை உயர்திணையில் வைத்தது. ‘அது வருது’ என்னும் பேச்சு அஃறிணைக்குத் தள்ளுகிறது. ‘அவர் வருகிறார்’ என்பது சலுகையல்ல, இலக்கணம்.