அச்சில் மறைந்து கையெழுத்தில் வாழ்ந்த காப்பியம்

பதினேழாம் நூற்றாண்டுக் கவிதை என்றவுடன் தமிழ் மாணவர் குமரகுருபரரை நினைப்பர். மராத்தி மாணவர் துக்காராமை நினைப்பர். குமரகுருபரர் பிறப்பதற்கு முன்பே, துக்காராம் சிறுவராக இருந்த காலத்திலேயே, 1616ஆம் ஆண்டு கோவாவின் ராசோலில் ஒரு பெருங்காப்பியம் அச்சேறியது. அதுவே தாமஸ் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேய இயேசு சபைத் துறவி மராத்தியில் இயற்றிய ‘கிறிஸ்த புராணம்’. ஏறத்தாழ 11,000 செய்யுள்கள் கொண்ட இந்நூல், தமிழும் மராத்தியும் அறிந்த மும்பை மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று.

ஸ்டீபன்ஸ் 1579இல் கோவாவுக்கு வந்து, 1619இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர். மொழியியலார் அவரை வேறொரு காரணத்துக்காகவும் அறிவர். இந்திய மொழிகளின் அமைப்பு கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஒத்திருப்பதை 1583இல் தம் சகோதரருக்கு எழுதிய மடலில் அவர் குறித்தார். வில்லியம் ஜோன்ஸ் 1786இல் ஆற்றிய புகழ்பெற்ற உரைக்கு அது இருநூறு ஆண்டுகள் முந்தியது. ஆயினும் அம்மடல் இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சில் வெளிவந்தது. ஆகவே ஒப்பியல் மொழிநூலின் பிறப்பில் அதற்குப் பங்கில்லை.

காப்பியத்துக்கு அவர் தேர்ந்த யாப்பு ‘ஓவி’. ஞானேசுவரரும் ஏகநாதரும் கையாண்ட அதே யாப்பு. நான்கு அடிகளுள் முதல் மூன்றும் ஈற்றில் இயைந்து வர, நான்காம் அடி குறுகி நிற்கும். தமிழ்ச் செய்யுளில் எதுகை ஆற்றும் பணியை இங்கு இயைபு ஆற்றுகிறது. வாசிப்போர் ஒருவரும் கேட்போர் பலருமாக இருந்த சூழலுக்கு அது மிகவும் பொருந்தியது. பொருள் விவிலியம், வடிவமோ மக்கள் செவிக்குப் பழகிய புராணம்.

ஆனால் அந்நூல் அச்சானது உரோமன் எழுத்தில். உள்ளூர் எழுத்திலேயே அச்சிட அவர் விரும்பினார். 1608இல் உரோமிலிருந்த சபைத் தலைவருக்கு எழுதி அனுமதியும் வேண்டினார். அசை எழுத்துகளுக்கு ஏறத்தாழ 600 அச்சுருக்கள் தேவைப்படும் என்பதையும் அம்மடல் சுட்டுகிறது. விருப்பம் நிறைவேறவில்லை.

இவ்விடத்தில் தமிழ் வரலாற்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். அதே கோவாவில் 1577இலேயே தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டுவிட்டன. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. தமிழில் கூட்டெழுத்துகள் இல்லை. உயிர்க்குறிகள் பலவற்றைத் தனியே வார்த்து மெய்யுடன் சேர்க்கலாம். எனவே அச்சுருக்களின் தொகை குறைவு. எனினும் எழுத்தின் இயல்பு ஒன்றே காரணமன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் தம் மொழியில் நூல் வேண்டிப் பொருளுதவி செய்த சமூகத்தினர். கோவாவோ போர்த்துக்கீசிய ஆட்சியின் தலைமையிடம். அங்குக் கல்வி இலத்தீன் எழுத்தின் வழியே நடந்தது. எந்த எழுத்து அச்சேறும் என்பதை உலோகத்தோடு சமூகமும் சேர்ந்தே தீர்மானித்தது என்பது என் கருத்து.

விளைவு வியப்புக்குரியது. தமிழில் சொந்த எழுத்து அச்சேறியது, ஆனால் உரைநடை மட்டுமே. சமகாலக் கவிதை முழுதும் ஓலையில் நின்றது. மராத்தியில் கவிதை அச்சேறியது, ஆனால் அயல் எழுத்தில்.

அடுத்து நேர்ந்ததே முதன்மையானது. கிறிஸ்த புராணம் 1616, 1649, 1654 ஆகிய ஆண்டுகளில் மும்முறை அச்சிடப்பட்டது. அவற்றுள் ஒரு படியேனும் இன்று கிடைக்கவில்லை. 1684இல் போர்த்துக்கீசிய ஆளுநர் உள்ளூர் மொழிக்கு எதிராக ஆணை பிறப்பித்தார். ஆயினும் நூல் அழியவில்லை. ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் வாசிக்கப்பட்டதால் மக்கள் அதைக் கையால் படியெடுத்துக்கொண்டே இருந்தனர். அப்படிகளைக் கொண்டே 1907இல் மங்களூரில் சல்தானா பதிப்பு வெளிவந்தது. பின்னர் இலண்டனில் மார்சுடன் தொகுப்பில் தேவநாகரிப் படியொன்றும் கண்டறியப்பட்டது. பிற படிகளில் போர்த்துக்கீசியச் சொற்கள் உள்ள இடங்களில் அதில் வடசொற்கள் பயில்கின்றன. இரண்டில் எது மூலத்துக்கு அணுக்கமானது என்னும் வழக்கு இன்றும் தொடர்கிறது.

இவ்வரலாறு மும்பைத் தமிழருக்கு நேரடியாகப் பொருந்தும். தாராவியிலும் செம்பூரிலும் வளரும் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுகின்றனர். கைப்பேசியில் அதை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். எழுத்து போனால் மொழி போயிற்று என்று நாம் புலம்புகிறோம். எழுத்தின் இழப்பு சிறிதன்று. ஓலையும் அச்சும் சுமந்துவந்த மரபுக்கு வாயில் அதுவே. எனினும் கிறிஸ்த புராணம் தரும் சான்று நம் புலம்பலைத் திருத்துகிறது. அயல் எழுத்திலும் ஒரு காப்பியம் தலைமுறைகளைக் கடந்தது. அதைக் காத்தது அச்சகம் அன்று, கூடியிருந்து வாசித்த வழக்கம். ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இந்நகரில் ஒரு பிள்ளை தமிழ்ச் செய்யுளைப் பிறர் முன் உரக்கப் படிக்கும் வாய்ப்பு ஆண்டில் எத்தனை முறை அமைகிறது?

ஆய்வு மாணவருக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. அண்டிரிக்கின் தமிழ் உரைநடையையும் ஸ்டீபன்ஸின் மராத்திச் செய்யுளையும் அருகருகே வைத்து, ஒரே சமயக் கருத்துக்கு இருவரும் தேர்ந்த சொற்களை ஒப்பிடலாம். இரு மொழிகளும் வீட்டிலும் தெருவிலும் ஒலிக்கும் மும்பையைவிட அதற்கு ஏற்ற இடம் வேறில்லை.